ஓம் விதிக்குப் பின்னால் ஒரு வாத்தியார்

வி = ஐ × ஆர். முதல் செமஸ்டரிலேயே நமக்கு மனப்பாடம் ஆகிவிடும் சூத்திரம். ஆனா இதை உலகத்துக்குச் சொன்னவர், சொன்ன கையோடு வேலையை விட்டு, பல வருஷம் சொற்ப வருமானத்தில் காலம் தள்ளினார்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. தானாகவே கணிதம் கற்று, மகன்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். காலேஜ் போன ஓமுக்கோ நடனமும் பில்லியர்ட்ஸும்தான் பிடிச்சுது. கடுப்பான அப்பா, படிப்பை நிறுத்தி ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிட்டார். அங்கே கணக்கு வாத்தியாரானவர், சொந்தமாகப் படித்து 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வேலை கிடைத்தது. லேப் நல்லா இருந்தது, பேட்டரிதான் படுத்தியது. அளந்துகொண்டு இருக்கும்போதே மின்னழுத்தம் இறங்கிவிடும். அதனால் தெர்மோகப்பிளுக்கு மாறினார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு சந்திப்புகள். ஒன்று கொதிக்கும் நீரில், மற்றொன்று பனிக்கட்டியில். வெப்பநிலை ஆடாது, மின்னழுத்தமும் ஆடாது. வெவ்வேறு நீளக் கம்பிகளை இணைத்து, காந்த ஊசி திரும்புவதை வைத்து மின்னோட்டத்தை அளந்தார். கம்பி நீள நீள, மின்னோட்டம் ஒரே ஒழுங்கில் குறைந்தது.

சேலத்துக்காரங்க ஒரு நிமிஷம் யோசிங்க. இதே சோதனையை சேர்வராயன் மலை மேல, ஏற்காட்டில் செய்தால்? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதிச்சிடும். தெர்மோகப்பிளின் மின்னழுத்தம் கிட்டத்தட்ட 5 சதவீதம் குறையும். மின்னோட்டமும் அதே அளவு குறையும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மட்டும் மாறாது. அதுதான் மின்தடை. மலை ஏறினாலும், சூடு மாறாதவரை கம்பி அதே கம்பிதான்.

1827-ல் புத்தகம் வந்தது. பெரிய வரவேற்பு இல்லை. மனம் வெறுத்து 1828-ல் பள்ளி வேலையை ராஜினாமா செய்தார். 1833-ல்தான் நியூரம்பெர்க்கில் நிலையான வேலை. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தது. ஆசைப்பட்ட பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852-ல் வந்தபோது வயசு 63. இரண்டே வருஷத்தில் காலமானார். மின்தடையின் அலகுக்கு 1881 பாரிஸ் மாநாடு அவர் பெயரை ஏற்றது.

லேப்பில் ரீடிங் ஆடினால் நம்ம கை முதலில் போவது ரப்பருக்கு. ஓம் எண்ணை அழிக்கலை, சோர்ஸை மாத்தினார்.