இரண்டாம் விருப்ப ஓட்டு எண்ணி ஜனாதிபதி ஆனவர்: யார் இந்த வி.வி.கிரி?

பேராவூரணியில் நாம ஓட்டு போடப் போனால் ஒரு பட்டன், ஒரே ஓட்டு. யாரையும் பிடிக்கலைன்னா நோட்டா. ஆனா நம்ம எம்.எல்.ஏ. ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு போடும்போது கதையே வேற. வேட்பாளர்களுக்கு நேராக 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசையாக எழுதலாம். அந்த ‘2’ஐ எண்ணி முடிவு சொன்னது ஒரே ஒரு முறைதான். 1969-ல். ஜெயிச்சவர் வி.வி.கிரி.

1894-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பெர்ஹாம்பூரில் பிறந்தவர். டப்ளினில் சட்டம் படித்துவிட்டு வந்து ரயில்வே தொழிற்சங்கத் தலைவரானார். 1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவை அவர் கோட்டையிலேயே தோற்கடித்து, ராஜாஜி அமைச்சரவையில் இடம்பிடித்தார். 1967-ல் துணை ஜனாதிபதி.

1969 மே 3-ல் ஜனாதிபதி ஜாகிர் உசேன் பதவியிலேயே காலமானார். காமராஜர், நிஜலிங்கப்பா போன்ற காங்கிரஸ் தலைவர்கள் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினார்கள். பிரதமர் இந்திராவுக்கு இஷ்டமில்லை. ஆனாலும் வேட்புமனுவை முன்மொழிந்தார். கிரியோ ராஜினாமா செய்துவிட்டு 74 வயதில் சுயேச்சையாகக் குதித்தார். திமுகவும் இடதுசாரிகளும் அவர் பக்கம். சுதந்திரா, ஜனசங்கம் கட்சிகளின் வேட்பாளர் சி.டி.தேஷ்முக்.

கணக்கு எங்கே தப்பியது?

தேஷ்முக் ஜெயிக்க மாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அவர் வெளியேறினால் அந்தச் சீட்டுகள் ‘2’க்குப் போகும். அதை ரெட்டிக்குப் போடச் சொல்லி நிஜலிங்கப்பா அந்தக் கட்சிகளிடம் பேசினார். புத்திசாலித்தனமான திட்டம்தான். ஆனா அதுவே இந்திராவுக்குப் பிடி ஆனது. எதிர்க்கட்சிகளோடு கைகோர்த்துவிட்டதாகச் சொல்லி, மனசாட்சிப்படி ஓட்டு போடச் சொன்னார். ரகசிய ஓட்டு, கொறடா உத்தரவும் கிடையாது. காங்கிரஸ்காரர்கள் பலர் சொந்தக் கட்சி வேட்பாளரையே கைவிட்டார்கள்.

தேவை 4,18,169. முதல் விருப்பத்தில் (ஓட்டின் மதிப்பு அடிப்படையில்) கிரி 4,01,515; ரெட்டி 3,13,548; தேஷ்முக் 1,12,769. யாருக்கும் பாதி தாண்டலை. கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேற, ரெட்டி 4,05,427-க்கு எகிறினார். கிரி 4,20,077. வித்தியாசம் வெறும் 14,650.

அதாவது, ரெட்டி கேட்ட ‘2’ கிடைத்தது. கைவிட்டுப் போனது சொந்த வீட்டு ‘1’.

‘2’ எழுதாத சீட்டும் செல்லும். ஆனா அதில் ‘1’ வாங்கியவர் வெளியேறினால் சீட்டு அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றவற்றின் மதிப்பு 10,833. அத்தனையும் ரெட்டிக்கே போயிருந்தாலும் அவர் ஜெயித்திருக்க முடியாது.

அந்த நவம்பரிலேயே காங்கிரஸ் இரண்டாக உடைந்தது. தேர்தலை எதிர்த்த வழக்கில், பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி 1970-ல் ஜெயித்தார் கிரி. 1974 வரை ஜனாதிபதி, 1975-ல் பாரத ரத்னா. 1980 ஜூன் 24-ல் சென்னையில் காலமானார். ரெட்டி? 1977-ல் போட்டியே இல்லாமல் ஜனாதிபதி ஆகிவிட்டார்.