ஓசைக்கு இலக்கணம் கண்ட கலீல்

அலீம் என்று தமிழில் எழுதுகிறோம். அரபியில் ஐனில் தொடங்கினால் நன்கறிந்தவன். அலிஃபில் தொடங்கினால் நோவினை தருவது. நம் எழுத்து இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. ஒலிகளின் பிறப்பிடத்தை வகுத்தளித்த கலீல் இப்னு அஹ்மத் அவர்களை நாம் அறிந்திருத்தல் நலம்.

கி.பி. 718-ல் பிறந்த அன்னார் பஸராவில் கல்வி கற்றார்கள். கன்னார் தெருவில் சுத்தியல் ஓசை கேட்டே கவிதையின் அளவை உணர்ந்தார்கள் என்பர். உயிரேறிய எழுத்து, உயிரேறா எழுத்து என்ற இரண்டையே கொண்டு அரபுக் கவிதைகளை 15 சந்தங்களில் அடக்கினார்கள். 'அரூள்' கலை இவ்வாறு பிறந்தது.

பின்னர் எழுத்துக்களை அப், அத் என ஒலித்துப் பார்த்து, ஒவ்வொன்றும் பிறக்குமிடத்தைக் குறித்தார்கள். தொண்டையில் பிறக்கும் ஐன் முதலாக, உதட்டை நோக்கி எழுத்துக்களை வரிசைப்படுத்தி அகராதி வகுத்தார்கள். அதுவே 'கிதாபுல் ஐன்'. அதை நிறைவு செய்தவர் மாணவர் லைஸ் என்பர். மூன்றெழுத்தை மாற்றியடுக்கினால் 6 உருவம், நான்குக்கு 24, ஐந்துக்கு 120 எனக் கணக்கிட்டு, சொல் எதுவும் விடுபடாதிருக்க வழி கண்டார்கள். ஜபர், ஜேர், பேஷ் குறிகளுக்கு இன்றைய வடிவம் தந்தவரும் அவர்களே என்பர்.

எளிய குடிலில் வாழ்ந்த அப்பெரியார், கி.பி. 786-க்கும் 791-க்கும் இடையே பஸராவில் வஃபாத்தானார்கள். கணக்கொன்றைச் சிந்தித்தபடி நடந்து பள்ளிவாசல் தூணில் மோதியதே காரணம் என்று கூறுவர்.

பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிக்கும் பெற்றோரே! எழுத்தைக் கண்ணுக்குக் காட்டுவதோடு நில்லாமல், அது பிறக்குமிடத்தை நாவுக்கும் தொண்டைக்கும் பழக்குவோமாக.