சிரிக்க வைத்த வீரனைப் படைத்தவர்

வீரன் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது யார்? வானில் பறப்பவன், மலையைப் பெயர்ப்பவன், தோல்வியே அறியாதவன். அத்தகைய வீரனைப் பார்த்து நாம் சிரித்தால், அவன் செய்யும் நற்செயல்களையே கேலி செய்ததாகி விடாதா? இந்த ஐயத்திற்குத் தம் வாழ்நாள் முழுவதும் படம் வரைந்தே விடை கூறிய ஒருவர் ஜப்பான் நாட்டில் வாழ்ந்தார். அவர்தாம் ஹிரோஷி புஜிமோட்டோ. புஜிகோ எஃப். புஜியோ என்பது அவரது புனைபெயர். டோரேமான் என்னும் நீலநிறப் பூனையை நம்மில் அறியாதார் யார்? அதைப் படைத்த கை இவருடைய கையே.

புஜிமோட்டோ 1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 1ஆம் நாள் டொயாமா மாவட்டத்தைச் சேர்ந்த தகாஓகா என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் மெலிந்த உடலும் கூச்ச சுபாவமும் உடையவராக இருந்தார். ஓட்டத்திலும் விளையாட்டிலும் எப்போதும் பின்தங்கியவர். மற்ற சிறுவர்களின் கேலிக்கும் ஆளானவர். ஆனால் பென்சிலைக் கையில் எடுத்து விட்டால் அவருக்கு நிகர் அவரே.

1944ஆம் ஆண்டு அவரது பள்ளிக்கு மோட்டோ அபிக்கோ என்னும் மாணவர் புதிதாக வந்து சேர்ந்தார். புத்த ஆலயத் தலைமைக் குருவாக இருந்த தம் தந்தையை இழந்து, பிறந்த ஊரை விட்டு வந்தவர் அவர். பேசத் துணையின்றித் தனியே அமர்ந்து படம் வரைந்து கொண்டிருந்த அந்தப் பையனை நாடிச் சென்றார் புஜிமோட்டோ. கூச்சம் மிகுந்த இரு சிறுவர்களுக்கிடையே அன்று மலர்ந்த நட்பு நெடுங்காலம் நீடித்தது. ஒசாமு டெசுகா என்னும் பெரும் ஓவியர் 1947இல் வெளியிட்ட 'புதிய புதையல் தீவு' என்ற சித்திரக்கதை நூல் இருவரையும் மயக்கியது. தாமே ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். 1951இல், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே, அவர்களது படக்கதை சிறுவர் நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. டெசுகா என்ற பெயரின் முதல் எழுத்துக்குக் கை என்று பொருள். அவர்மீது கொண்ட மரியாதையால், அவர் கை என்றால் நாம் கால் என்று கருதி, அஷிசுகா என்ற பெயரைத் தொடக்கத்தில் சூடிக்கொண்டனர். பணிவும் வேடிக்கையும் ஒருங்கே கலந்த அந்தப் பெயரிலேயே அவர்களது பிற்கால எழுத்தின் போக்கைக் காணலாம்.

படிப்பு முடிந்ததும் புஜிமோட்டோ ஒரு மிட்டாய்க் கம்பெனியில் சேர்ந்தார்; சில நாட்களிலேயே அந்த வேலையை விட்டு விலகினார். 1954இல் நண்பர்கள் இருவரும் டோக்கியோ நகரம் சென்றனர். டொகிவாசோ என்னும் மர வீட்டில் டெசுகா குடியிருந்த சிற்றறை அவர் காலி செய்தபின் இவர்களுக்குக் கிடைத்தது. வீட்டுக்காரரிடம் தாம் கொடுத்திருந்த முன்பணத்தையும் திரும்பப் பெறாமல் இவர்களுக்கே விட்டுச் சென்றார் அந்தப் பெருந்தகை.

ஆனால் வெற்றி உடனே வந்துவிடவில்லை. கேட்ட பத்திரிகைகளுக்கெல்லாம் எழுத ஒப்புக்கொண்ட இருவரும் 1955 புத்தாண்டுக்கு ஊர் சென்றார்கள். வீட்டின் சுகத்தில் மூழ்கியதால் பெரும்பாலான படங்களை உரிய நாளில் முடிக்க முடியவில்லை. பத்திரிகை ஆசிரியர்கள் நம்பிக்கை இழந்தனர். ஏறக்குறைய ஓராண்டுக் காலம் வேலை மிகவும் அருகிப் போயிற்று. இந்தத் தொழிலையே கைவிட எண்ணியவர்களை உடனிருந்த இளம் ஓவியர்கள் தேற்றினார்கள். கொடுத்த வாக்கைக் காப்பது எத்தனை பெரிய காரியம் என்பதை அந்த ஓராண்டு அவர்களுக்குக் கற்பித்தது.

1964இல் 'ஒபாகே நோ க்யூ-டாரோ' என்னும் குறும்புக்காரப் பேயின் கதை நாடெங்கும் புகழ் பெற்றது. அதன்பின் 1966இல் தோன்றியதே 'பெர்மேன்'. 1967இல் அது தொலைக்காட்சி அனிமேயாகவும் வெளிவந்தது. அக்காலத்தில் ஜப்பானியச் சிறுவர்களின் நெஞ்சமெல்லாம் மாவீரர்களே நிறைந்திருந்தனர். அமெரிக்க சூப்பர்மேன் தொலைக்காட்சி வழியே முன்னரே வந்துவிட்டார். 40 மீட்டர் உயரமுள்ள அல்ட்ராமேன் தோன்றியதும் அதே 1966ஆம் ஆண்டில்தான். இவர்களுக்கு நடுவே புஜிமோட்டோ யாரை வீரனாக நிறுத்தினார் தெரியுமா? படிப்பில் மந்தமான, வீட்டுப் பாடத்தை முடிக்காமல் அம்மாவிடம் திட்டு வாங்கும் மிட்சுஓ என்னும் சிறுவனை!

சூப்பர்மேன் என்னும் சொல்லின் முதல் எழுத்தை நீக்கினால் பெர்மேன். ஒன்று குறைந்த, இன்னும் முழுமை பெறாத வீரன் என்பதே அந்தப் பெயரின் வேடிக்கை. வேற்றுக் கோளிலிருந்து வந்த ஒருவர் அவனுக்கு ஒரு முகமூடியும் ஒரு மேலங்கியும் ஒரு பதக்கமும் தருகிறார். முகமூடி அணிந்தால் வலிமை 6600 மடங்கு பெருகும். மேலங்கி அணிந்தால் பறக்கலாம். ஆனால் வேகம்? 1983இல் மீண்டும் வந்த தொடரில் மணிக்கு 119 கிலோமீட்டர்தான். ஜப்பானின் அதிவேக ரயிலோ 1964லேயே மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது! ஆயினும் 119 என்பது வெறும் வேடிக்கை எண் அன்று. அந்நாட்டில் தீயணைப்பு வண்டியையும் ஆம்புலன்ஸையும் அழைக்கும் தொலைபேசி எண் அதுவே. மேலும், இரு பெர்மேன்கள் கைகோத்துப் பறந்தால் வேகம் 238 ஆகும். மூவர் கோத்தால் 476. நால்வர் கோத்தால் 952. தனியே மெதுவாகச் செல்பவர்களும் கைகோத்தால் விரைந்து செல்லலாம் என்ற கருத்தை ஒரு கணக்காகவே அவர் போட்டுவிட்டார்.

கேலிக்கு இன்னும் பல இடங்கள் உண்டு. இரண்டாவது பெர்மேன் ஒரு சிம்பன்சிக் குரங்கு. மிட்சுஓ இல்லாத வேளையில் அவன் உருவத்தில் வீட்டில் இருக்க ஒரு பொம்மை உண்டு. அவன் குணமே அதற்கும் வாய்த்திருப்பதால் அதுவும் சோம்பல்பட்டு முணுமுணுக்கும். அவனுடைய தங்கை பெர்மேனைப் போற்றிப் புகழ்வாள். அண்ணனையோ மதிக்கவே மாட்டாள். அவனை மிரட்டும் முரட்டுப் பையனும் பெர்மேனின் ரசிகனே. ஆனால் தான் யார் என்பதை மிட்சுஓ எவரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் கடுந்தண்டனை.

இங்கேதான் சிரிப்பு சற்றே அடங்கி நம் நெஞ்சு கனக்கிறது. பணமில்லை, புகழில்லை, தூக்கமும் இல்லை. பிறகு நான் ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று அந்தச் சிறுவன் மனம் வெதும்புகிறான். முகமூடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட எண்ணுகிறான். ஆயினும் எங்கோ ஒருவர் ஆபத்தில் இருக்கிறார் என்று கேட்டதும் அவனால் சும்மா இருக்க முடிவதில்லை. முணுமுணுத்துக்கொண்டே பறந்து போகிறான். புஜிமோட்டோ கேலி செய்ததெல்லாம் வீரனின் பெருமிதத்தை, மிடுக்கை, மேலங்கியை. பிறர் துயர் பொறுக்காத உள்ளத்தை அவர் ஒருபோதும் கேலி செய்யவில்லை. அந்த எல்லையை அறிந்திருந்ததே அவருடைய மேதை.

பெண்களாகிய நமக்கு மூன்றாவது பெர்மேன் சிறப்பாக நினைவில் நிற்பாள். நாடு போற்றும் இளம் நட்சத்திரமான சுமிரே ஹோஷினோ, யாரும் அறியாவண்ணம் முகமூடி அணிந்து மக்களுக்கு உதவுகிறாள். பிற்காலத்தில் டோரேமான் கதை ஒன்றில் அவள் வளர்ந்த நடிகையாக வருகிறாள். தொலைதூரம் சென்றுவிட்ட மிட்சுஓவின் சிறு படத்தைக் கழுத்தணியில் வைத்துக் காத்திருக்கிறாள். வேடிக்கைக் கதையின் மாந்தருக்கும் இவ்வளவு உண்மையான அன்பை வைத்தவர் அவர்.

வலிமை மட்டும் இருந்து பணிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார். 1976இல் பெரியவர்களுக்காக எழுதிய 'அல்ட்ரா சூப்பர் டீலக்ஸ் மேன்' கதையில், பேராற்றல் பெற்ற ஒரு சாதாரண ஊழியன் நீதியின் பெயரால் கொடுங்கோலனாகிறான். எவராலும் தடுக்க முடியாத அவன், கடைசியில் தன் உடலுக்குள்ளே வளர்ந்த நோயை வெல்ல முடியாமல் மடிகிறான். ஆற்றல் குறைந்த மிட்சுஓ பலரைக் காத்தான். ஆற்றல் நிறைந்த இவனோ ஊரையே அஞ்ச வைத்தான்.

டோரேமான் 1969ஆம் ஆண்டு டிசம்பரில், மாணவர் இதழ்களின் 1970 ஜனவரி வெளியீடுகளில் பிறந்தது. 1979இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரும், 1980 முதல் வந்த திரைப்படங்களும் அதை உலகறியச் செய்தன. அதில் வரும் நோபிட்டா, ஓட்டத்தில் பின்தங்கிய அந்தத் தகாஓகாச் சிறுவனே அல்லவா! புகழ் வந்தபின்பும் புஜிமோட்டோ மாறவில்லை. தலையில் வட்டத் தொப்பியுடன், சாதாரண மக்களோடு மின்ரயிலில் வேலைக்குச் சென்று வந்தார்.

1986இல் நோயுற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அதன்பின் நண்பர்கள் இருவரும் மனக்கசப்பின்றிப் பிரிந்து தனித்தனிப் பெயரில் வரையலாயினர். 1996 செப்டம்பரில், அடுத்த திரைப்படத்திற்கான கதையைத் தம் மேசையில் வரைந்து கொண்டிருந்தபோதே நினைவிழந்தார். அம்மாதம் 23ஆம் நாள், தமது 62ஆம் வயதில் மறைந்தார். அந்தக் கதையை உதவியாளர்கள் முடித்தனர். 1997இல் படம் வெளியாயிற்று. அதே ஆண்டில் டெசுகாவின் பெயரால் நிறுவப்பட்ட முதல் பெரும் பரிசு டோரேமானுக்கு வழங்கப்பட்டது. 2011இல் கவாசாகி நகரில் அவர் பெயரால் அருங்காட்சியகமும் எழுந்தது. இளமை நண்பர் அபிக்கோ 2022இல் மறைந்தார்.

அன்புத் தோழியரே! நம்மில் எவருக்கும் பறக்கும் மேலங்கி கிடைக்கப் போவதில்லை. ஆனால் பாராட்டுவார் இல்லாத வேலைகள் நாள்தோறும் நம் கண்முன் இருக்கின்றன. நோயுற்ற பாட்டிக்கு இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், பாடம் புரியாத தோழிக்கு இன்னொருமுறை சொல்லித் தருவதும் எந்தப் பரிசுப் பட்டியலிலும் ஏறுவதில்லை. சில வேளை முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வோம். மிட்சுஓவும் அப்படித்தான் செய்தான். முணுமுணுத்தாலும் புறப்படுவோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி, 'அ' பிரிவு