வீரமாமுனிவரும் மூன்றாம் பாலும்

கொள்ளிடப் பேராற்றின் வடகரையில், திருமானூருக்கு அணித்தாக, ஏலாக்குறிச்சி என்னும் சிற்றூர் ஒன்று உளது. அரியலூர் மாவட்டத்தைச் சார்ந்த அவ்வூரின்கண் அடைக்கல அன்னையின் திருக்கோயில் ஓங்கி நிற்கின்றது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகட்கு முன்னர், இத்தாலிய நாட்டினின்றும் போந்த பெரியார் ஒருவர் அவ்வூர்க்குத் திருக்காவலூர் எனத் தமிழ்ப்பெயர் சூட்டி, அன்னையின்மீது கலம்பகமும் பாடி மகிழ்ந்தார். அவரே தமிழுலகம் வீரமாமுனிவர் எனப் போற்றும் பெருமகனார். திருமானூர்ப் பகுதியிற் பிறந்தோர்க்கு அவர் அயல்நாட்டார் அல்லர். எம்மூர்ப் பெரியவருள் ஒருவரேயாவர்.

அவர்தம் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர் செய்தவற்றையே எண்ணிக் கூறுவர். யானோ அவர் செய்யாது விட்ட ஒன்றனையும் உடன்வைத்து ஆராயக் கருதினேன். அதற்குக் காரணம் உண்டு. எம் பாட்டனார் வைத்திருந்த திருக்குறட் புத்தகத்தில், இறுதிப் பகுதியின் ஏடுகள் அனைத்தும் வெள்ளை நூலாற் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. எனது பன்னிரண்டாம் வயதில், அஃது ஏன் என்று வினவினேன். வீரமாமுனிவரே தொடாது விட்ட பகுதி அஃதென்றும், யான் தொடுதற்குரிய காலம் பின்னர் வருமென்றும் அவர் விடை பகர்ந்தார். இளைஞர் கையினின்றும் சில நூல்கள் ஏன் விலக்கப்படுகின்றன என்னும் வினா அன்றே என் உள்ளத்துப் புகுந்தது. இக்கட்டுரை அவ்வினாவின் பயனேயாகும்.

முனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது. அவர் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். 1698ஆம் ஆண்டில் இயேசு சபையிற் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்றபின் 1710இல் கோவா நகரை அடைந்து, அடுத்த ஆண்டில் மதுரை மறைப்பணிக் களத்திற் புகுந்தார். தென்பாண்டி நாட்டிற் காமநாயக்கன்பட்டியிலும், நடுநாட்டிற் கோனான்குப்பத்திலும், எம் பகுதியில் ஏலாக்குறிச்சியிலும் அவர் ஆற்றிய தொண்டு பெரிது. முதலில் தைரியநாதர் எனப் பெயர் பூண்டிருந்த அவர் பின்னர் வீரமாமுனிவர் என வழங்கப்பெற்றார். முப்பத்தைந்து ஆண்டுகட்குக் குறையாது இத்தென்னாட்டில் வாழ்ந்து, 1747ஆம் ஆண்டில் இறைவன் திருவடி எய்தினார்.

அவர் இயற்றிய நூல்களுள் தலையாயது தேம்பாவணி. சூசையப்பரை வளன் எனத் தமிழ்ப்படுத்தி, அவர்தம் வாழ்வை மூன்று காண்டங்களிலும் முப்பத்தாறு படலங்களிலும் 3,615 பாடல்களால் விரிப்பது அக்காப்பியம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தினையும் தொன்னூல் விளக்கத்தில் தொகுத்தார். குறில் எகர ஒகரங்களையும் நெடில் ஏகார ஓகாரங்களையும் கற்போர் மயக்கமின்றி அறிதற்பொருட்டு எழுத்தின் வடிவைத் திருத்தினார். நிகண்டுச் செய்யுட்களை நெட்டுருச் செய்தாலன்றிச் சொற்பொருள் காண இயலாதிருந்த அந்நாளில், எவரும் ஏட்டைப் புரட்டிப் பொருள் காணுமாறு சதுரகராதியை 1732இல் வகுத்தளித்தார். இவ்வனைத்தும் எதனைக் காட்டுகின்றன? கற்க விரும்பும் இளையோர்க்குக் கதவுகளைத் திறந்துவைத்தலே அவர்தம் வாழ்நாட் பணி என்பதனையன்றோ!

அத்தகையார் ஒரு கதவை மட்டும் அடைத்தே வைத்தார். 1730ஆம் ஆண்டில் அவர் திருக்குறளை இலத்தீன் மொழியிற் பெயர்த்தார். திருக்குறள் 133 அதிகாரங்களையுடையது. அறத்துப்பால் 38, பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25. முனிவர் முன்னிரு பால்களின் 108 அதிகாரங்களை, அஃதாவது 1,080 குறட்பாக்களை, உரையுடன் ஆக்கினார். எஞ்சிய 250 பாக்களை விட்டொழித்தார்.

அப்பாக்களில் யாது உளது? களவியல் ஏழு அதிகாரம். கற்பியல் பதினெட்டு அதிகாரம். தலைவனும் தலைவியும் கண்டு காதலித்தல் களவு. மணந்து வாழ்தலும், பிரிந்து வருந்துதலும், ஊடிக் கூடுதலும் கற்பு. பிரிந்த கணவனை எதிர்நோக்கி வாடும் மனைவியின் துயரமே அதிகாரம் பலவற்றை நிரப்புகின்றது. இழிந்த சொல் ஒன்றேனும் ஆண்டு இல்லை. அங்ஙனமாகவும் முனிவர் அதனை ஏன் விலக்கினார்?

முதலாவது காரணம் அவர் பயின்ற பள்ளிமுறை என்று கருதுதல் பொருந்தும். இயேசு சபையார் தம் கல்விச் சாலைகட்கென 1599ஆம் ஆண்டில் ஒரு விதிநூல் வகுத்தனர். மாணவர் ஒழுக்கத்திற்கு ஊறு செய்யும் புலவர்தம் நூல்களை அவற்றின் குற்றம் களைந்தாலன்றிக் கற்பித்தலாகாது என்றும், களைய இயலாதனவாயின் அந்நூலையே விட்டொழித்தல் நன்று என்றும் அது பணித்தது. பிந்தியதற்குத் தெரன்ஸ் என்னும் உரோமை நாடகப்புலவரை எடுத்துக்காட்டாகவும் கூறிற்று. அவ்விதியின்கீழ் மாணவராய் இருந்தவர்க்கு, ஒரு நூலின் ஒரு பகுதியை ஒதுக்குதல் நூலுக்குச் செய்யும் தீங்காகத் தோன்றாது. நூலைக் காத்தலாகவே தோன்றும்.

இரண்டாவது, அம்மொழிபெயர்ப்பைப் படிக்கக்கூடியவர் யாவர் என்பது. இலத்தீன் அறிந்து, தமிழ் கற்கப் புதிதாக வந்திறங்கும் இளங்குருமாரே அவர். துறவு பூண்ட இளைஞர் கையிற் காதற் பாக்களைக் கொடுத்தற்கு மூத்தவர் ஒருவர் தயங்கினார் எனின் வியப்பு என்னை?

மூன்றாவது, சொல்லின் திரிபு. வள்ளுவர் ஆண்ட காமம் என்னுஞ் சொல் அன்று தூய காதலைக் குறித்தது. பிற்காலத்தே அதன் பொருள் இழிந்தது. பெயரைக் கேட்டே நூலை அஞ்சினோர் பலர். அன்றியும், அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தமிழ்மரபு. ஆண்டுப் பேசுவோர் உலகத்து மாந்தர் எவராயினும் ஆகலாம். இம்மரபை அறியாத மேனாட்டார் இலத்தீனில் அப்பாக்களைக் காணின், அறம் பாடிய புலவர் தம் சொந்த இன்பத்தையே பாடினார் என மயங்குதல் கூடும்.

இங்ஙனம் காரணங்கள் உளவாயினும் ஒன்றனை மறைத்தற்கில்லை. முனிவர் தாம் எதனையும் படியாது ஒதுக்கியவர் அல்லர். அவர்க்குத் தமிழாசிரியராய் இருந்தவர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழிவழி வரும் செய்தி. அக்கவிராயர் பெயரால் வழங்கும் கூளப்பநாயக்கன் விறலிவிடுதூது சிற்றின்பச் சுவை மிக்க நூல். மணநூல் எனவே பெயர் பெற்ற சீவக சிந்தாமணியின் சாயலைத் தேம்பாவணியிற் காணாத புலவர் இலர். தாம் அனைத்தையும் கற்று, அதனாற் கெடாது, காப்பியப் புலவராய் உயர்ந்தவர், பிறர் அவ்வாறு கற்பின் கெடுவர் என அஞ்சினார். நூல்களை விலக்குவோர் எல்லாரிடத்தும் இவ்வச்சம் உண்டு. தந்தை தாம் நீந்திய ஆற்றில் மகனை இறங்கவிடாமை அன்பினால் வருவதேயாம். ஆயினும் அம்மகன் நீந்தக் கற்பது எங்ஙனம்?

இவ்விடத்துப் பழைய திருச்சபைத் தந்தையருள் ஒருவராகிய ஜெரோம் முனிவரை நினைத்தல் தகும். விவிலியத்தை இலத்தீனில் ஆக்கிய அவர், சாலமோனின் காதற்பாட்டாகிய உன்னதப்பாட்டை விட்டுவிடாது மொழிபெயர்த்தார். பின்னர் இலேத்தா என்னும் பெண்மணிக்கு அவர்தம் மகளின் கல்விகுறித்து எழுதிய மடலில், திருநூல்களை இன்ன முறையிற் படிப்பித்தல் வேண்டும் என வகுத்து, உன்னதப்பாட்டை இறுதியில் வைத்தார். நூலை அழித்திலர், படிக்கும் முறையை வகுத்தார். விலக்குதற்கும் முறைப்படுத்துதற்கும் இடையேயுள்ள வேறுபாடு இதுவே.

விலக்கிய கதவு தானாகத் திறவாது. 1840ஆம் ஆண்டில் திருக்குறளை ஆங்கிலத்திற் பெயர்க்கத் தொடங்கிய துரூ ஐயரும் முன்னிரு பால்களில் 63 அதிகாரங்களையே ஆக்கினார். மூன்றாம் பாலின் பக்கம் சென்றாரில்லை. முனிவர் விட்டு ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1886ஆம் ஆண்டில், போப்பையர் நூல் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளில் ஆக்கி இலண்டனில் வெளியிட்டார். அப்பாலைப்பற்றிய தவறான எண்ணத்தால் தாமும் ஆண்டுகள் பல அதனைப் படியாது இருந்ததையும், படித்தபின் அதன் தூய்மையைத் தெளிந்ததையும் அவர் ஒளியாது கூறினார். முனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் நன்றியுடன் தம் பதிப்பின் குறிப்புக்களிற் சேர்த்தார். முன்னோர் நிறுத்திய இடத்திற் பின்னோர் தொடங்குதல் அவரைப் பழித்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எல்லாக் கதவுகளும் இவ்வாறு அமைதியாய்த் திறந்தன என்றற்கில்லை. முனிவர்க்குச் சற்றே பிற்பட்டு, கொள்ளிடத்திற்குத் தென்பால் தஞ்சை மராட்டிய மன்னர் அவையில் இருந்த முத்துப்பழனி என்னும் புலமையாட்டி தெலுங்கில் இராதிகா சாந்த்வனம் இயற்றினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதனை 1910இல் திருத்தமுறப் பதிப்பித்தார். ஒழுக்கக்கேடானது என்று கூறி அடுத்த ஆண்டே அரசினர் அதனைத் தடுத்தனர். 1947ஆம் ஆண்டில், பிரகாசம் அவர்கள் சென்னை மாகாண முதன்மை அமைச்சராய் இருந்தபோதே அத்தடை நீங்கிற்று. இளையோரைக் காத்தல் என்ற பெயரால் முதியோரும் இழந்தது ஒரு தலைமுறைக்காலம்.

நிற்க. பிறர் நூலை ஒதுக்கிய முனிவரின் நூலும் ஒதுக்குவார் பார்வைக்குத் தப்பவில்லை. தமிழ் கற்கத் தொடங்குவோர்க்கென அவர் எளிய நடையில் எழுதிய பரமார்த்த குருவின் கதையை அறியாத சிறுவர் தமிழ்நாட்டில் உளரோ? 1822இல் பாபிங்டன் என்பார் அதனை இலண்டனில் ஆங்கிலத்துடன் அச்சிட்டார். மட்டியும் மடையனும் குருவுடன் ஆற்றைக் கடக்க அஞ்சி நிற்பதைப் படித்து நகையாதார் இலர். ஆயினும், அக்கதை நம் நாட்டுச் சமயக் குருமாரை எள்ளுதற்கே எழுந்தது என்றும், சிறுவர்க்கு ஏலாதது என்றும் குறை கூறினோர் உண்டு. அக்குறைக்கு இடமே இல்லை என யான் சாதிக்க வரவில்லை. மறையுரைக்க வந்தவர் பிறர் குருவை நகையாடின், புண்படுவோர் இருத்தல் இயல்பே. ஆயினும் அதன்பொருட்டு அக்கதை பள்ளிகளினின்றும் துரத்தப்பட்டிருப்பின் நம் இளமை எத்துணை வறுமையுற்றிருக்கும்! தமக்கு வேண்டிய இந்நீதியைத் திருவள்ளுவர்க்கு முழுதும் வழங்கினாரில்லை முனிவர் என்பதே என் தாழ்மையான கருத்து.

மற்றுமொரு செய்தி கூறி முடிப்பேன். தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபையாரோடு முனிவர்க்குக் கடும் பூசல் இருந்தது. அவர்தம் கொள்கையை மறுத்து வேத விளக்கம் முதலிய நூல்களை எழுதினார். அங்ஙனமிருந்தும், அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738ஆம் ஆண்டில் அச்சேற்றியவர் அத்தரங்கம்பாடி அச்சகத்தாரே. எழுதியவர் எதிரி என்று அவர்கள் நூலைத் தள்ளவில்லை. கற்போர்க்குப் பயன்படும் என்று கைக்கொண்டனர். முனிவர் வாழ்ந்த காலத்தில், அவர் வாழ்வின் ஓரத்தில் நிகழ்ந்த இச்சிறு செயல், எந்நூலை எவர்க்கு மறுப்பது என வழக்கிடும் நம்மனோர்க்கு நல்லதோர் வழிகாட்டியாகும்.

எம் பாட்டனார் இப்போது இல்லை. அவர் புத்தகம் என்னிடம் வந்தது. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் இன்பத்துப்பாலைப் பாடமாகக் கேட்ட அன்று மாலை, அத்தையலை மெல்லப் பிரித்தேன். அகத்தே கண்டது கணவனைப் பிரிந்த ஒருத்தியின் கண்ணீர். நாணத்தக்கது ஒன்றும் இல்லை. எனினும், தைத்த கையை யான் பழித்திலேன். கிழித்தெறிந்திருக்கலாம்; அவர் தைத்தே வைத்தார். பிரித்தற்கு ஒரு நாள் வரும் என்று அவர் நம்பினார் என்பதற்கு அந்நூலே சான்று.

சென்னைக் கடற்கரையில் 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது நாட்டிய சிலைகளுள் திருவள்ளுவரும், வீரமாமுனிவரும், போப்பையரும் நிற்கின்றனர். ஒருவர் முப்பாலும் பாடினார். ஒருவர் இரு பாலை மட்டும் மேனாட்டிற்கு எடுத்துச் சென்றார். மற்றவர் எஞ்சியதையும் கொண்டுசேர்த்தார். மூவரையும் ஒருங்கே வணங்குதற்குத் தமிழ் மாணவர்க்குத் தடை யாதுமில்லை. ஏலாக்குறிச்சித் திருக்கோயிலைக் காணச் செல்லும் அன்பர்கள், அப்பெரியார் நமக்குத் திறந்துவைத்த கதவுகளை நன்றியுடன் நினைப்பார்களாக. அடைத்துவைத்த ஒன்றனைத் தாமே திறப்பார்களாக.

வாழ்க வீரமாமுனிவர் புகழ்!