அப்பரடிகளும் படிக்காசும்

துன்பம் வந்துற்ற காலத்தில் மக்கள் இறைவனிடம் வேண்டுவது, அத்துன்பம் முழுவதும் ஒருங்கே நீங்குதல் வேண்டும் என்பதே. திருவருளோ பெரும்பாலும் அவ்வாறு வருவதில்லை. அன்றைக்கு வேண்டுவதை அன்றைக்கு அளித்து, அடுத்த அடி எடுத்து வைத்தற்குரிய வலிமையை மாத்திரம் தந்து, உயிரைப் படிப்படியாக நடத்திச் செல்வது அதன் இயல்பு. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கை முழுவதிலும் விளங்கக் காட்டியவர் திருநாவுக்கரசு சுவாமிகள். கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமானின் வரலாற்றைக் கி.பி. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்தருளினார்.

மதுரைக்கும் நெல்லைக்கும் இடையே வானம் பார்த்துக் கிடக்கும் கரிசற் பூமியில் அமைந்தது ஏழாயிரம்பண்ணை. பருவமழையை நம்பி விதைப்போரும், தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களை நம்பி வாழ்வோரும் நிறைந்த வட்டாரம் இது. மழை பொய்த்த ஆண்டுகளையும், காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் மீளாத துயரத்தையும் அறிந்த இல்லங்கள் இங்குப் பல. அவ்வில்லங்களுக்கு அப்பரடிகள் வரலாறு பழங்கதை அன்று, உற்ற துணையாகும்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில், வேளாண் குடியிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகவாய்ப் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். திலகவதியார் அவர்தம் தமக்கையார். அம்மையாரை மணம் செய்தற்கு உறுதி செய்யப்பெற்றவர் கலிப்பகையார் என்னும் சேனைத்தலைவர். அவர் அரசன் ஆணையால் வடபுலத்துப் போருக்குச் சென்றிருந்தார். அக்காலத்தில் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரோடு உயிர் நீத்தார். அத்துயரம் ஆறுமுன்னரே, கலிப்பகையார் போரில் மடிந்தார் என்ற செய்தியும் வந்தது.

திலகவதியார் தாமும் உயிர் விடத் துணிந்தார். அப்பொழுது இளையவராகிய மருணீக்கியார் தமக்கையின் அடிகளில் வீழ்ந்து, தாய் தந்தையர் சென்ற பின்னும் தாம் உயிரோடிருப்பது அவரைக் கண்டே என்றும், அவரும் போவாராயின் தாம் அவருக்கு முன்னரே உயிர் துறப்பது உறுதி என்றும் அழுது கூறினார். தம்பி உளனாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தால் அம்மையார் உயிர் தாங்கினார். பின்னாளில் சைவ உலகிற்குக் கிடைத்த பெருஞ்செல்வம் அனைத்தும் அன்று அவர் உயிர் தாங்கிய அச்சிறு செயலில் அடங்கியிருந்தது.

மருணீக்கியார் வளர்ந்து, உலகின் நிலையாமையை உணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார், சோலைகள் வைத்தார், குளங்கள் தொட்டார். ஆயினும் உள்ளத்து ஐயம் தீரவில்லை. மெய்ந்நெறி யாது எனத் தேடிப் பாடலிபுத்திரம் சென்று, சமண சமயத்தைச் சார்ந்து, அவர்தம் நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை பெற்று விளங்கினார்.

தம்பியின் பிரிவால் வருந்திய திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். கெடிலக் கரையில் மடம் ஒன்றில் தங்கி, நாள்தோறும் விடியுமுன் எழுந்து, திருக்கோயிலை அலகிட்டு, சாணநீரால் மெழுகி, மலர் கொய்து மாலை தொடுத்துச் சாத்தினார். தம்பியை மீட்டருள வேண்டும் என்பதே அவர் செய்த விண்ணப்பம். ஆண்டுகள் பல சென்றன. விண்ணப்பம் நிறைவேறும் நாள் அறியாமலே அவர் துடைப்பத்தைக் கையில் ஏந்தி வந்தார். பயன் காணாத காலத்திலும் பணி தவறாமையே நம்பிக்கை என்பதற்கு அம்மையார் வாழ்க்கையே இலக்கணம்.

தருமசேனருக்குக் கொடிய சூலை நோய் கண்டது. உடனிருந்தோர் அறிந்த மந்திரங்கள் எல்லாம் செய்தும் அது தணியவில்லை. அவர் தமக்கைக்கு ஆள் விடுத்தார். சமணர் உறையும் இடத்திற்குத் தாம் வருதல் இயலாது என அம்மையார் மறுத்தார். தாமே செல்லத் துணிந்த தருமசேனர், பிறர் அறியாத இருளில், வெள்ளாடை உடுத்து, நோயோடு நடந்து திருவதிகை வந்து தமக்கையின் அடி பணிந்தார். அம்மையார் கடிந்து ஒன்றும் கூறவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சிக்கு அலகும் மெழுக்கும் எடுத்துச் செல்லும் நேரமாதலின், தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். வீரட்டானர் திருமுன்பு முதற் பதிகம் பிறந்தது, நோய் அகன்றது, நாவுக்கரசு என்னும் திருப்பெயர் எய்திற்று.

அதன் பின்னும் வாழ்வு எளிதாகவில்லை. பல்லவ மன்னன் ஆணையால் நீற்றறையில் 7 நாள் அடைக்கப்பெற்றார், நஞ்சூட்டப்பெற்றார், யானையின் முன் விடப்பெற்றார், கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பெற்றார். ஒவ்வோர் இடரிலும் அவர் கைக்கொண்டது திருவைந்தெழுத்து ஒன்றே. கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரை சேர்ந்தார். மன்னனும் மனம் திரும்பினான். அரசனே பணிந்த பின்னும் சுவாமிகள் விரும்பியது உழவாரப்படை ஒன்றையே. கோயில்தோறும் சென்று, வீதிகளிலும் திருச்சுற்றுகளிலும் முளைத்த புல்லைச் செதுக்கி வந்தார்.

சுவாமிகளும், அவரை அப்பரே என அழைத்து மகிழ்ந்த திருஞானசம்பந்தப் பிள்ளையாரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்தது, காவிரியும் வற்றியது, உயிர்கள் பசியால் வாடின. அடியார் கூட்டத்தின் பசி கண்டு இருவரும் கவன்றனர். இறைவர் கனவில் தோன்றி, நாளும் ஒரு காசு தருவோம் என அருளினார். மறுநாள் முதல் கிழக்குப் பீடத்தில் பிள்ளையாருக்கும், மேற்குப் பீடத்தில் அப்பருக்கும் ஒவ்வொரு காசு வைக்கப்பெற்றது. அக்காசு கொண்டு உணவுப் பொருள் வாங்கி, அடியார்கள் எல்லாம் வந்துண்ணுமாறு பறை அறைவித்து, இரு மடங்களிலும் அமுது அளித்தனர்.

இங்குச் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. நினைத்த அளவில் மழை பெய்வித்தல் இறைவர்க்கு அரிதன்று. பொற்குவையை ஒருங்கே அளித்தலும் அரிதன்று. அவ்வாறிருந்தும் அவர் அளித்தது நாளொன்றுக்கு ஒரு காசு. நாளைக்குரியது நாளைத்தான் வரும். படி என்னும் சொல் ஏறும் படிக்கும் பெயர். அன்றன்று அளந்து தரும் உணவுக்கும் பெயர். படிக்காசில் இரு பொருளும் பொருந்தும். பஞ்சம் நீங்கி மழை பெய்யும் வரை அடியார்கள் அப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறிக் கரை கண்டனர்.

பிள்ளையார் பெற்ற காசு வாசியுடையதாய் மாற்றுதற்குத் தாழ்ந்தது. அப்பர் பெற்ற காசு வாசியில்லாதது. நாவால் பாடியதோடு உடலாலும் தொண்டு செய்தமையால் அப்பருக்கு அச்சிறப்பு வாய்த்தது என்பர். பின்னர்ப் பிள்ளையாரும் பதிகம் பாடி நற்காசு பெற்றார்.

முதுமையிற் கயிலையைக் காண விழைந்து வடதிசை நோக்கிச் சென்றார் சுவாமிகள். பாதம் தேய்ந்தபோது கைகளால் தாவினார், கைகளும் தேய மார்பினால் உந்தினார், பின்னர்ப் புரண்டார், உறுப்பெல்லாம் ஓய்ந்த பின்னும் உள்ளத்தால் முன்னேறினார். முனிவர் வடிவில் வந்த இறைவர் மீளுமாறு பணித்தும் மீளாது நின்றார். முடிவில் திருவருளால் அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுத் திருக்குளத்தில் எழுந்து, அங்கேயே கயிலைக் காட்சி கண்டார். எட்டாத தொலைவில் உள்ளது என எண்ணியது தம் நாட்டுக் குளக்கரையிலேயே கிடைத்தது.

அதன் பின் பாண்டிநாடு போந்து மதுரை, திருப்பூவணம், இராமேச்சுரம், திருநெல்வேலி முதலிய தலங்களை வணங்கித் திருப்புகலூர் அடைந்தார். ஆங்கு உழவாரம் இட்ட இடத்திற் பொன்னும் மணியும் வெளிப்பட்டன. பஞ்சத்தில் ஒரு காசினை அருளெனப் போற்றி ஏற்ற அவரே, அப்பொற்குவையைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாவியில் எறிந்தார். தேவைக்கு வந்த காசு அருள். தேவையின்றி வந்த பொன் கல். 81ஆம் அகவையில், சித்திரைச் சதயத்தில், புகலூர்ப் பெருமான் திருவடியிற் கலந்தார். அவர் அருளிய பதிகங்களுள் 312 இன்றும் 4, 5, 6 ஆம் திருமுறைகளாக விளங்குகின்றன.

திருக்குட நன்னீராட்டுக் காணும் திருக்கோயில் எதுவும் ஒரு நாளில் எழுந்ததன்று. ஒருவர் நாட்கூலியில் ஒதுக்கிய சிறு தொகை, ஒருவர் அளித்த பிடியரிசி, ஒருவர் சுமந்த செங்கல் ஆகிய இவையே கோபுரமாக உயர்கின்றன. இவையெல்லாம் அடியார்கள் இறைவர்க்கு இட்ட படிக்காசுகள். விழா நிறைந்து பந்தல் பிரித்த பின்னரும் விடியற்காலையில் ஒருவர் வந்து திருமுற்றத்தைக் கூட்டுவாராயின், அது திலகவதியார் பணியாம். ஒருவர் மதிலோரத்துப் புல்லைச் செதுக்குவாராயின், அது அப்பர் பணியாம். இன்றைய பணியை இன்று செய்வோர்க்கு நாளைய காசினை நாளை வைப்பது இறைவர் கடன்.

திருச்சிற்றம்பலம்.