மின்னலை அளந்தவர்: ஸ்டைன்மெட்ஸும் உங்க வீட்டு சர்ஜ் ப்ரொடெக்டரும்

உங்க லேப்டாப் சார்ஜர் செருகியிருக்கிற அந்தக் குட்டி வெள்ளை டப்பாவை ஒரு நிமிஷம் பாருங்க. ஒரு பச்சை லைட்டு எரியும். மேல சர்ஜ் ப்ரொடெக்டர்னு போட்டிருக்கும். அட்டையில ஜூல், கிலோ ஆம்பியர்னு நாலு எண் இருக்கும். கடைக்காரர் சொன்னார்னு வாங்கியிருப்போம். அந்த எண்ணெல்லாம் எதுக்குன்னு நம்மில் பல பேருக்குத் தெரியாது, ட்ரிபிள் ஈ படிக்கிறவங்களையும் சேர்த்துத்தான்.

அந்த எண்களுக்குப் பின்னால ஒரு மனுஷரோட வாழ்க்கை இருக்கு. சுமார் நாலடி உயரம், கூன் விழுந்த முதுகு, வாயில எப்பவும் ஒரு சுருட்டு. பேர் சார்லஸ் ப்ரோடியஸ் ஸ்டைன்மெட்ஸ். அவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, கடையில அட்டையைத் திருப்பிப் பார்க்கும்போது எதைப் பார்க்கணும்னு உங்களுக்கே புரியும்.

அவர் 1865 ஏப்ரல் 9 அன்று ப்ரெஸ்லாவ் நகரத்தில் பிறந்தார். அன்னைக்கு அது பிரஷ்யா, இன்னைக்கு போலந்து. ஊர்ப் பேரும் வ்ரொட்ஸ்வாஃப்னு மாறிடுச்சு. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இருந்த அதே கூன் இவருக்கும் வந்தது. சின்ன வயசுலேயே அம்மா போயிட்டாங்க. உடம்பு ஒத்துழைக்கல, ஆனா கணக்கு கைகொடுத்தது. ப்ரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிச்சு, முனைவர் பட்டம் கிட்டத்தட்ட கைக்கு வந்த நேரத்துல, 1888-ல், போலீஸ் தேட ஆரம்பிச்சது. குற்றம், சோஷலிச மாணவர்களோடு சேர்ந்து பத்திரிகை நடத்தினது. பட்டம் வாங்காமலேயே சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடினார். பத்திரிகை நடத்தினதுக்காக நாட்டை விட்டே போக வேண்டி வந்த ஆள் அவர். நாம இங்க உட்கார்ந்து இந்த இதழை நிம்மதியா போடுறோம்.

அடுத்த வருஷம், 1889-ல், ஒரு நண்பரோட நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார். கையில காசு இல்ல, ஆங்கிலம் தெரியாது, பார்க்கிறதுக்கு நோயாளி மாதிரி. குடியேற்ற அதிகாரிகள் திருப்பி அனுப்பத் தயாரா இருந்தாங்க. கூட வந்த நண்பர் பொறுப்பேத்துக்கிட்டதால்தான் உள்ளே விட்டாங்க. அன்னைக்கு அந்தக் கதவு மூடியிருந்தா மின் பொறியியல் வேற மாதிரி நடந்திருக்கும்.

யாங்கர்ஸ் என்ற ஊரில் ருடால்ஃப் ஐக்மையர் என்பவரோட தொழிற்சாலையில் வேலை கிடைச்சது. அங்கேதான் மோட்டாரோட இரும்பு ஏன் சூடாகுதுன்னு ஆராய்ஞ்சார். 1892-ல் ஹிஸ்டெரிஸிஸ் இழப்புக்கு அவர் கொடுத்த விதி, அந்த 1.6 அடுக்கு, இன்னைக்கும் நம்ம மெஷின்ஸ் புக்ல இருக்கு. அடுத்த வருஷம் சிகாகோ மாநாட்டில், ஏ.சி. சர்க்யூட்டைக் கலப்பு எண்களை வெச்சுத் தீர்க்கலாம்னு காட்டினார். நீங்க சர்க்யூட் தியரியில 'ஜே' போட்டு ஃபேசர் கணக்கு போடுறீங்களே, அதை மின் பொறியாளர்கள் கையில கொடுத்தவர் இவர்தான். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு கணக்குக்கும் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன். நினைச்சுப் பாருங்க!

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ஐக்மையரோட தொழிலை வாங்கினப்போ ஸ்டைன்மெட்ஸும் கூடவே போனார். 1894 முதல் ஸ்கெனெக்டடி நகரமே அவர் ஊர் ஆயிடுச்சு. 1901-ல் அமெரிக்க மின் பொறியாளர் கழகத்துக்குத் தலைவர். 1902-ல் யூனியன் காலேஜில் பேராசிரியர். பின்னாளில் அந்த நகரக் கல்வி வாரியத்துக்கும் தலைவர். தன்னோட கூன் இன்னொரு தலைமுறைக்குப் போகக்கூடாதுன்னு அவர் கல்யாணமே பண்ணிக்கல. தன் லேப் உதவியாளர் ஹேடனைச் சட்டப்படி மகனா தத்தெடுத்தார். மகன், மருமகள், மூணு பேரப்பிள்ளைங்கன்னு வீடு நிறைஞ்சது.

இப்போ சர்ஜ் விஷயத்துக்கு வருவோம். 1896-ல் நயாகரா அருவியிலிருந்து பஃபலோ நகரத்துக்கு மின்சாரம் போச்சு. அதுக்கப்புறம் கம்பிகள் மைல் கணக்கில் நீள ஆரம்பிச்சது. கம்பி நீள நீள ஒரு புதுத் தலைவலி. எங்கேயோ ஒரு மின்னல் விழும், இங்கே ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும். மின்னலே விழாதப்பவும், ஒரு பெரிய சுவிட்சை ஆஃப் பண்ணினா, கம்பியில ஓர் அலை கிளம்பிப் போய் இன்சுலேஷனைப் பொத்தல் போடும். ஏ.சி.க்குப் போட்ட ஸ்டெடி ஸ்டேட் கணக்கு இங்கே செல்லாது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுற அந்த நொடிப்பொழுதுலதான் எல்லாச் சேதமும் நடக்குது. அதுக்குன்னே ஸ்டைன்மெட்ஸ் தனியா ஒரு பெரிய புத்தகம் எழுதினார், 1909-ல் வந்தது. ட்ரான்சியன்ட் என்ற சொல் நம்ம சிலபஸுக்குள்ள வந்த வழி அதுதான்.

மின்னலோட அவருக்குச் சொந்த அனுபவமும் உண்டு. ஆத்தோரமா அவர் கட்டியிருந்த சின்ன மர வீட்டில் ஒருதடவை இடி விழுந்தது. உள்ளே இருந்த கண்ணாடி சுக்குநூறாச்சு. வேற யாரா இருந்தாலும் கூட்டிப் பெருக்கிக் குப்பையில போட்டிருப்பாங்க. இவர் ஒவ்வொரு சில்லையும் பொறுக்கி, பொறுமையா ஒண்ணுசேர்த்து, ரெண்டு கண்ணாடித் தட்டுக்கு நடுவுல வெச்சார். மின்னல் எந்த வழியா ஓடிச்சுங்கிற தடம் அதுல தெரிஞ்சது.

அதுக்கப்புறம் மின்னலையே தன் லேபுக்குள்ள உண்டாக்கினார். 1922-ல் கண்ணாடித் தட்டு கெப்பாசிட்டர்களை அடுக்கி, 1,20,000 வோல்ட் ஏத்தி, ஒரே நேரத்துல விட்டார். சுமார் 10,000 ஆம்பியர், நொடியில லட்சத்துல ஒரு பங்கு நேரம். மரக்கட்டை வெடிச்சுச் சிதறிச்சு. அந்த வருஷம் அக்டோபரில் எடிசனே வந்து பார்த்தார். இது வேடிக்கைக்காகச் செஞ்சது இல்ல. மின்னல் தடுப்பான்களை லேபிலேயே சோதிக்கணும், அடுத்த மழைக்காலம் வரைக்கும் காத்திருக்கக்கூடாதுங்கிறதுதான் நோக்கம். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை மைக்ரோ செகண்ட்? வானத்தோட கோபம்னு நினைச்சதை இந்த மூணு எண்ணாக்கினதுதான் அந்த வேலையோட பலன். உங்க டப்பா அட்டையில இருக்கிற எண்களுக்கும் அதே அர்த்தம்தான்.

அடுத்த வருஷம், 1923 அக்டோபர் 26-ல், ஸ்டைன்மெட்ஸ் இறந்துபோனார். வயசு 58. அப்போ நம்ம பக்கம் பைக்காரா நீர்மின் நிலையம்கூட வரல. அது ஓட ஆரம்பிச்சது 1932-ல்.

அவர் காலத்துத் தடுப்பான்ல ஒரு குறை இருந்தது. இடைவெளியில தீப்பொறி பாய்ஞ்சு மின்னலைப் பூமிக்கு விடும். ஆனா மின்னல் போன பிறகும் லைன் கரண்ட் அதே வழியில ஓடிக்கிட்டே இருக்கும், நிறுத்துறது பெரும்பாடு. 1960-களின் கடைசியில் ஜப்பானில் துத்தநாக ஆக்ஸைடு வேரிஸ்டர் வந்து அதைத் தீர்த்தது. எம்.ஓ.வி.னு சொல்றோமே, மிட்டாய் சைஸுல நீல வில்லை, அதுதான். சாதாரண வோல்டேஜ்ல சும்மா இருக்கும். எல்லை தாண்டினா நொடியில வழிவிடும், இறங்கினதும் தானே மூடிக்கும். சர்ஜை அது தடுத்து நிறுத்துறது இல்ல. லேப்டாப்பை விடச் சுலபமான இன்னொரு வழியைக் காட்டுது, அவ்வளவுதான். இதை மனசுல வெச்சுக்கிட்டா டப்பாவைத் தேர்ந்தெடுக்கிறது சுலபம்.

உங்க வீடு அரியலூர் பக்கம் கல்லங்குறிச்சியில இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஐப்பசி மழை, இடி. சுத்தி வயல் மோட்டார்கள் ஓடும், நிக்கும். கரண்ட் போகும், வரும். வீட்டில இருக்கிறது கல்விக் கடன்ல வாங்கின ஒரே லேப்டாப். என்ன பார்க்கணும்?

முதல்ல எர்த். மத்ததெல்லாம் அப்புறம். நல்ல ப்ரொடெக்டர்ல ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த்னு மூணு பக்கமும் காவல் இருக்கும். சுவரில எர்த் இல்லாட்டி, அல்லது மூணு பின்னை ரெண்டு பின்னா மாத்துற கன்வெர்ட்டர்ல செருகினா, மூணுல ரெண்டு காவல் அப்பவே போச்சு. எர்த் குழி நல்லா இருக்கணும். எர்த் 5 ஓம்னே வைங்க. 1,000 ஆம்பியர் பாய்ஞ்சா அந்த எர்த் கம்பியே 5,000 வோல்ட்டுக்கு ஏறும். புவியியல் படிக்கிறவங்களுக்கு கல்லங்குறிச்சிங்கிறது ஒரு பாறை அடுக்கோட பேர். டைனோசர் காலத்துக் கடலடியில படிஞ்ச சுண்ணாம்புக் கல். பாறையும் காய்ஞ்ச மண்ணும் கரண்ட்டைச் சுலபமா உள்ளே வாங்காது. அதனால உப்பும் கரியும் போட்ட எர்த் குழியில கோடைக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி உங்க வீட்டு எலெக்ட்ரிஷியன் அண்ணன் சொன்னா, அலட்சியம் பண்ணாதீங்க.

ரெண்டாவது, வோல்டேஜ். நம்ம 230 வோல்ட்டுக்கு எம்.ஓ.வி. பொதுவா 275 வோல்ட் ரேட்டிங்ல இருக்கும். சர்ஜ் வரும்போது ஏறக்குறைய 700 வோல்ட்ல பிடிச்சு நிறுத்தும். இந்தப் பிடிக்கிற எண் குறைவா இருந்தா நல்லது. அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த 120 வோல்ட் பவர் ஸ்ட்ரிப்பை நம்ம ஊர்ல செருகவே செருகாதீங்க. அதுல இருக்கிற எம்.ஓ.வி. நம்ம கரண்ட்டையே சர்ஜ்னு நினைச்சு ஓயாம கடத்தி, சூடாகித் தீப்பிடிக்கும். பயணத்துக்கு வாங்கினா, போற நாட்டு வோல்டேஜுக்கும் சேர்த்து எழுதியிருக்கான்னு பாருங்க. வெறும் பின் மாத்துற ட்ராவல் அடாப்டர் எல்லாம் ப்ரொடெக்டர் ஆகாது.

மூணாவது, தாங்கும் சக்தி. ஜூல், கிலோ ஆம்பியர் ரெண்டும் கூட இருந்தா ஆயுசு கூடும். ஒவ்வொரு அடிக்கும் எம்.ஓ.வி. கொஞ்சம் கொஞ்சமா தேயும். அதனால சூடானா துண்டிக்கிற தெர்மல் கட்-ஆஃபும், காவல் போயிட்டா அணையிற தனி லைட்டும் வேணும். வெறும் கரண்ட் இருக்குன்னு காட்டுற லைட்டை நம்பாதீங்க, அது எம்.ஓ.வி. செத்த பிறகும் எரியும்.

எதைக் காப்பாத்தாதுங்கிறதும் முக்கியம். தெருவுல நியூட்ரல் கம்பி அறுந்தா ஒற்றை ஃபேஸ் வீட்டுக்குள்ள 400 வோல்ட் வரைக்கும் வரலாம், அதுவும் நிமிஷக் கணக்குல. ப்ரொடெக்டர் மைக்ரோ செகண்டுக்குச் செஞ்சது, இதுல எரிஞ்சுபோகும். அதுக்கு மெயின் போர்டுல ஓவர் வோல்டேஜ் ட்ரிப் வேணும். இன்டர்நெட் கேபிள், டிவி கேபிள் வழியாவும் சர்ஜ் நுழையும். நேரா வீட்டு மேலயே இடி விழுந்தா எந்தக் குட்டி டப்பாவும் நிக்காது. வானம் இருட்டி, தூரத்துல உறும ஆரம்பிக்கும்போதே ப்ளக்கையும் கேபிளையும் கழட்டிடுங்க. இடி தலைக்கு மேல வந்த பிறகு சுவர்ப் பக்கம் போகாதீங்க.

ஸ்டைன்மெட்ஸ் மின்னலுக்குப் பயப்படல, அதைக் கும்பிடவும் இல்ல. எவ்வளவு, எவ்வளவு நேரம், எந்த வழின்னு மூணு கேள்வி கேட்டார். அடுத்த தடவை கடையில நிக்கும்போது நீங்களும் அதையே கேளுங்க. அட்டையில பதில் இல்லாத டப்பாவை அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க.