எக்ஸ்-ஒய் கோட்டுக்குப் பின்னாடி ஒருத்தர்

வலையபட்டியிலிருந்து பஸ் ஏறி, ஷீட் ரோலும் மினி டிராஃப்டருமா காரைக்குடி காலேஜுக்கு வர்றவரா நீங்க? அந்த ஷீட்ல முதல்ல போடுற எக்ஸ்-ஒய் கோடு காஸ்பர் மோன்ஜ் தந்தது.

1746-ல் பிரான்ஸில் ஒரு சிறு வியாபாரிக்குப் பிறந்தவர். மெசியேர் ராணுவப் பொறியியல் பள்ளியில் அதிகாரியாகச் சேர குடும்ப அந்தஸ்து வேணும். இவருக்குக் கிடைச்சது படம் வரையிற வேலைதான். ஒருமுறை கோட்டைக் கணக்கு ஒண்ணு கொடுத்தாங்க: எதிரியோட குண்டு உள்ளே இருக்கிறவங்க மேல படாம இருக்க, சுவர் எவ்வளவு உயரம் வேணும்? பக்கம் பக்கமா எண் கணக்குப் போடுறதுதான் வழக்கம். மோன்ஜ் வரைஞ்சே முடிச்சுட்டார். இவ்வளவு சீக்கிரமா முடியாதுன்னு மேலதிகாரி பார்க்கவே மறுத்தாராம். பார்த்த பிறகு அவரை வாத்தியார் ஆக்கினாங்க, முறையை ராணுவ ரகசியம் ஆக்கினாங்க! 1795-ல்தான் பாரிஸில் அதை வெளிப்படையா நடத்த முடிஞ்சது.

பொருளை நிற்கிற தளத்திலும் படுத்த தளத்திலும் விழவெச்சு, கீல் மாதிரி மடக்கி ஒரே தாளாக்குறதுதான் அந்த முறை. இன்னைக்கு பைப்பிங் ஆபீஸ்ல முப்பரிமாண மாடல்லேர்ந்து பிளானும் எலிவேஷனும் எடுக்கும்போது மென்பொருள் செய்றதும் அதையேதான். ரெண்டு பைப் மோதுதுன்னு அது சிவப்புல காட்டிடும். எந்த எல்போவை எந்தப் பக்கம் திருப்பணும்னு மனசுக்குள்ள மடக்கிப் பார்க்க வேண்டியது நீங்க.

நெப்போலியனுக்கு நெருக்கமானவர்னு 1816-ல் அறிவியல் கழகத்திலிருந்து அவரை நீக்கினாங்க. 1818-ல் இறந்தபோது, அவர் உருவாக்க உதவின பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதிச்சடங்குக்குப் போகக் கூடாதுன்னு அரசு தடுத்தது. மறுநாள் எல்லாருமா சேர்ந்து கல்லறைக்குப் போனாங்க.